மூன்றாவது ஆள் வந்து சேர்ந்தாரா?

தியானப் பகுதி: எபிரெயர் 12:1, 1 இராஜாக்கள் 18:46 முதல் 19:8 வரை

  

இந்த மாதச் செய்தியை ஒரு சாட்சியோடு ஆரம்பிக்கிறேன். சாட்சி என்றதும் ஜெயித்த சாட்சி என்று எண்ணிவிடாதிருங்கள். உங்கள் போதகனாகிய நான் 53-வது வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் ஓடினேன். உங்களில் சிலர் கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டீர்கள். சிலர் என் மனைவியிடம், "பாஸ்டருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டீர்கள். வயதான ஒரு அம்மச்சி நேராக என்னிடமே வந்து, "பாஸ்டரே, சரீரத்தைப் பழக்குறதுல பெரிய பிரயோஜனம் இல்லைன்னு பவுலு தீமோத்தேயுவுக்கு எழுதலியா? நீங்க இப்பம் என்னத்துக்கு ஓடப் போறிய?" என்று கேட்டார்கள்.

கேட்டது நியாயம்தான். 1 தீமோத்தேயு 4:8-ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். தேவபக்தியோடு ஒப்பிட்டால் சரீர முயற்சியின் பலன் கொஞ்சம் என்கிறார். கொஞ்சம் என்றார், ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை! அதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டக்காரனையே உதாரணமாக நிறுத்துகிறார் (1 கொரி. 9:24-27). ஏன் தெரியுமா? கொரிந்து பட்டணத்துக்கு அருகே இஸ்த்மியா என்ற இடத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். ஜெயித்தவனுக்குத் தலையில் சூட்டினது பொன் கிரீடம் அல்ல, வெறும் இலைமுடி. சில நாளில் வாடிப்போகும். அந்த இலைக்காக ஒருவன் மாதக்கணக்காகத் தன் சரீரத்தை ஒடுக்குகிறானே, வாடாத கிரீடத்துக்காக நீ என்ன செய்கிறாய் என்று கேட்கிறார் அப்போஸ்தலன்.

முதலில், கிராஸ் கன்ட்ரி என்றால் என்ன என்று அறியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். அது ஸ்டேடியத்தில் கோடு போட்டு ஓடுகிற ஓட்டம் அல்ல. தார் ரோட்டு மாரத்தானும் அல்ல. மேடு, பள்ளம், புல், சேறு, தோடு என்று தரை எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அதன்மேல் ஓடவேண்டும். சுமார் 200 வருஷத்துக்கு முன் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகள் வயலிலும் காட்டிலும் ஓடிப்பிடித்து விளையாடினதிலிருந்து வளர்ந்த ஓட்டம் இது. மாஸ்டர்ஸ் என்றால் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள். ஐந்தைந்து வயதாகப் பிரித்து, அவரவர் வயதுக்காரரோடு போட்டி. உலக அளவில் இவர்களுக்கான தடகளப் போட்டி 1975-ல் கனடாவின் டொராண்டோவில் தொடங்கியது. 2025 நவம்பரில் ஆசியப் போட்டி நம்முடைய சென்னையிலேயே நடந்தது.

53 வயது பெரிய வயதா என்று கேட்பீர்களானால், பஞ்சாபிலே பிறந்து இங்கிலாந்தில் குடியிருந்த ஃபௌஜா சிங் என்ற சீக்கியப் பெரியவரைச் சொல்லுவேன். மகனைப் பறிகொடுத்த துக்கத்துக்குப் பிறகு ஓட ஆரம்பித்தவர். 2000-ல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடினபோது வயது 89. 2011-ல் டொராண்டோவில் ஓடினபோது வயது 100. 2025 ஜூலையில் சொந்த ஊரில் ரோட்டில் வாகனம் மோதி மரித்தார். கர்த்தரை அறிந்த நாமோ, 50 வயதானால், "இனி நம்மால என்ன ஆகும்?" என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறோம்!

என் காரியத்துக்கு வருகிறேன். நான் ஆசைப்பட்டு ஓடத் தொடங்கவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னே எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதினார், தினமும் நடக்கச் சொன்னார். விடியற்காலையில் குழித்துறை ஆற்றங்கரை வழியாக நடப்பேன். நடை மெல்ல ஓட்டமாயிற்று. அந்த வேளையில் நடக்க வருகிற ஒரு ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் என்னைப் பார்த்தார். அவர் நம்முடைய சபையைச் சேர்ந்தவர் அல்ல. "பாஸ்டரே, 50 வயசுக்கு மேல உள்ள பிரிவுக்கு ஒரு டீம் போடணும். மூணு பேர் வேணும். நானும், ரப்பர் வெட்டுற நம்ம அண்ணனும் இருக்கோம். மூணாவது ஆள் நீங்க வாறியளா?" என்று கேட்டார். போட்டி சனிக்கிழமை என்று தெரிந்த பிறகே சம்மதித்தேன். ஆராதனையை விட்டுவிட்டு ஓடுகிற ஓட்டம் எனக்கு வேண்டாம்.

அந்த ஓட்டத்தில் ஆவியானவர் எனக்குக் கற்றுக்கொடுத்த மூன்று காரியங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

1. இறக்கிவைக்க வேண்டிய பாரம்

எபிரெயர் 12:1-ல் ஓடுவதற்கு முன்னே ஒரு வேலை சொல்லப்பட்டிருக்கிறது. பாரத்தை இறக்கிவை! பாவத்தைத் தனியாகவும் பாரத்தைத் தனியாகவும் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். சில பாரங்கள் பார்வைக்குப் பாவம் போல இராது. பக்தி போலவே இருக்கும்.

தேவ பிள்ளைகளே, இதுவரை உங்களிடம் மறைத்த ஒன்றை இன்று அறிக்கையிடுகிறேன். நான் மாத்திரை சாப்பிடுகிறதை இந்த நான்கு வருஷமாக உங்களுக்குச் சொல்லவில்லை. வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும். மருந்துக்கடைக்குக்கூட மார்த்தாண்டத்தில் வாங்காமல் தக்கலைக்குப் பஸ் ஏறிப் போவேன். ஏன்? தெய்வீக சுகத்தைப் பிரசங்கிக்கிற போதகன் மருந்துச் சீட்டோடு நிற்கிறதை விசுவாசி யாராவது பார்த்துவிட்டால்? அந்தப் பயம். அதற்கு நான் வைத்திருந்த பெயர், "சபைக்கு இடறல் வரக்கூடாது" என்பது. உண்மையான பெயர் பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை. சபையில் உபவாச ஜெபம். காலையிலே மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல், பயிற்சிக்கும் ஓடினேன். ரப்பர் தோட்டத்துக்குள்ளே ஒரு ஏற்றத்தில் கை நடுங்கிற்று. உடம்பெல்லாம் வேர்த்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. பால்புரைப் பக்கம் வந்து விழுந்துவிட்டேன். பால் வெட்டிக்கொண்டிருந்த அந்த அண்ணன் ஓடி வந்தார். "பாஸ்டரே, உங்களுக்குச் சுகர் உண்டா?" என்று கேட்டார். என் வாயிலிருந்து முதலில் வந்த பதில் என்ன தெரியுமா? "இல்லை." விழுந்து கிடக்கிறவனும் பொய் சொன்னான்! அவர் என் முகத்தைப் பார்த்தார். தன் பிளாஸ்கிலிருந்த கட்டன் சாயாவில் இருந்த சீனியையெல்லாம் தட்டிப் போட்டுக் கலக்கினார். "உண்டோ இல்லியோ, இதைக் குடியுங்க. எங்க அம்மைக்கும் இப்படித்தான் வரும்" என்றார். பத்து நிமிஷத்தில் எனக்குக் கண் தெளிந்தது.

அன்று மத்தியானம் வேதத்தைத் திறந்தேன். எலியாவின் சரித்திரம். கர்மேலிலிருந்து யெஸ்ரயேல் மட்டும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர், ஆகாபின் இரதத்துக்கு முன்னே ஓடினவன். அவனல்லவா வேதத்தின் பெரிய கிராஸ் கன்ட்ரி வீரன்! மறு அதிகாரத்தில் அவன் சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, நான் சாகிறேன் என்கிறான். அப்போது தேவதூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணினானா? "உன் விசுவாசம் எங்கே?" என்று கடிந்துகொண்டானா? இல்லை! சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். தூரம் அதிகம் என்று கர்த்தருக்குத் தெரியும். எனக்கு அந்த அடை கட்டன் சாயாவாக வந்தது. தூதன் ரப்பர் வெட்டுகிற கத்தியோடு வந்தான். நானோ அவனிடத்தில் பொய் சொன்னேன்.

அன்று மாலையே அந்த அண்ணன் வீட்டுக்குப் போய், "எனக்குச் சுகர் உண்டு, காலையில் பொய் சொன்னேன், மன்னியுங்கள்" என்றேன். இன்று உங்களிடமும் சொல்லிவிட்டேன். கர்த்தர் சுகமாக்குகிறவர். நான் இன்றும் விசுவாசிக்கிறேன், நாளையும் பிரசங்கிப்பேன். ஆனால் எசேக்கியாவுக்கு ஆயுசைக் கூட்டிக்கொடுத்த அதே தேவன்தான் அவனுடைய பிளவைக்கு அத்திப்பழ அடை வைக்கவும் செய்தார் (ஏசா. 38:21). பவுலோடு கூடவே இருந்த லூக்கா வைத்தியன் (கொலோ. 4:14). மருந்து சாப்பிடுகிறவன் அவிசுவாசி என்று நான் எப்போதாவது மறைமுகமாய்ப் பேசி உங்களில் ஒருவரையாகிலும் புண்படுத்தியிருந்தால், என்னை மன்னியுங்கள்.

இன்னொன்றும் கண்டிப்பாய்ச் சொல்லுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் கேளாமல் உபவாசம் எடுக்காதிருங்கள். கை நடுக்கம், வேர்வை, மயக்கம் வந்தால் உடனே இனிப்பு எடுக்கவேண்டும். அதற்காகக் கர்த்தர் உங்களைத் தள்ளிவிடமாட்டார். 40 வயதுக்கு மேல் ஓட ஆசைப்படுகிறவர்கள் முதலில் இருதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓடுங்கள்.

2. உனக்குரிய வேகம்

போட்டி நாள் வந்தது. இரவு மழை பெய்திருந்தது. ரப்பர் சருகு நனைந்து வழுக்கிற்று. இரண்டு கிலோமீட்டர் சுற்றுப்பாதை, மூன்று சுற்று ஓடவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தோடு, பிறகு செம்மண் ஏற்றம் ஒன்று. பி.டி. மாஸ்டர் என்னிடம் ஒரே புத்திதான் சொன்னார்: "பாஸ்டரே, முதல் சுற்றில் யாரையும் பார்க்காதீங்க. ஏத்தத்துல எட்டைக் குறைச்சு வையுங்க. மூச்சு முட்டுனா நடங்க. நடக்கிறது தோல்வி இல்லை, நிக்கிறதுதான் தோல்வி."

விசில் அடித்தது. எல்லா வயதுக்காரரையும் ஒன்றாகவே ஓடவிட்டார்கள். 35 வயதுத் தம்பிமார் மான்கள் போலப் பாய்ந்தார்கள். என்ன செய்தேன் தெரியுமா? புத்தியை மறந்து நானும் பாய்ந்தேன்! முதல் அரைக் கிலோமீட்டர் உங்கள் போதகன் முன்கூட்டத்தில் இருந்தான். முதல் ஏற்றத்திலேயே நெஞ்சு அடைத்தது. வரிசையாக எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

பிரியமானவர்களே, கிராஸ் கன்ட்ரிக்கு உலக சாதனை நேரம் என்று ஒன்று கிடையாது. நூறு மீட்டருக்கு உண்டு, மாரத்தானுக்கு உண்டு, இதற்கு இல்லை. காரணம், ஒவ்வொரு தரையும் வேறு. ஒருவன் சேற்றில் ஓடுகிறான், ஒருவன் காய்ந்த புல்லில் ஓடுகிறான். இவன் நிமிஷத்தை அவன் நிமிஷத்தோடு எப்படி ஒப்பிடுவது?

உன் ஜீவியமும் அப்படியல்லவா? அடுத்த வீட்டுக்காரன் பிள்ளை கல்ஃபில் இருக்கிறான், உன் பிள்ளை வேலையில்லாமல் இருக்கிறான். அந்தச் சபை மாடி கட்டுகிறது, நம்முடைய சபைக்கு ஓடு மாற்றவே பணம் இல்லை. அவள் இரட்சிக்கப்பட்ட ஆறு மாதத்தில் அந்நிய பாஷை பேசினாள், நீ ஆறு வருஷமாய்க் காத்திருக்கிறாய். ஒப்பிடாதே! அவனுக்குக் குறித்த தரை வேறு, உனக்குக் குறித்த தரை வேறு. எபிரெயரில் ஓட்டம் என்று வருகிற இடத்தில் மூலபாஷையான கிரேக்கில் இருக்கிற சொல் அகோன். போராட்டம் என்றும் அதற்கு அர்த்தம். வேகத்தைக் கேட்கவில்லை, பொறுமையைக் கேட்கிறது வேதம்.

காலேபைப் பாருங்கள் (யோசுவா 14). 40 வயதில் வாக்குத்தத்தம் பெற்றான். மற்றவர்களின் அவிசுவாசத்தால் 45 வருஷம் தள்ளிப்போயிற்று. 85 வயதில் வந்து, எனக்குச் சமபூமி கொடுங்கள், வயதாகிவிட்டது என்றா கேட்டான்? மலைநாட்டைக் கேட்டான்! ஏனாக்கியர் குடியிருக்கிற ஏற்றத்தைக் கேட்டான். தேவனுடைய கணக்கில் பிந்திப் புறப்பட்டவன் என்று ஒருவன் இல்லை. அல்லேலூயா!

3. மூன்றாவது ஆள்

கடைசிச் சுற்று. எனக்குப் பின்னே யாரும் வருகிற சத்தம் கேட்கவில்லை. அந்தச் செம்மண் ஏற்றத்தின் அடியில் நின்றுவிட்டேன். சத்துரு காதில் பேசினான்: "போதும். நீ கடைசிதானே. உன்னால் யாருக்கு என்ன? ஓரமாய் ஒதுங்கி மரத்தடியில் உட்கார்." பாருங்கள், அதே சூரைச்செடி!

ஓட்டக்காரர்களில் எரிக் லிடிலின் கதை நமக்குத் தெரியும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 100 மீட்டரை விட்டு, ஜூலை 11-ல் 400 மீட்டரில் தங்கம் வாங்கி, பிறகு சீனாவுக்கு மிஷனரியாய்ப் போனவர். மறுநாள் ஜூலை 12-ல் அதே பாரிஸில் நடந்ததை நம்மில் அநேகர் கேட்டதில்லை. அன்று கிராஸ் கன்ட்ரி. வெயில் 40 டிகிரிக்கும் மேல். புறப்பட்டவர்கள் 38 பேர். முடித்தவர்கள் 15 பேர்தான்! வழியெல்லாம் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். அதற்குப்பின் ஒலிம்பிக்கிலிருந்து அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

முதலில் வந்தவர் பின்லாந்தின் பாவோ நூர்மி. இரண்டாவதும் பின்லாந்துக்காரர், வில்லே ரிட்டோலா. அப்படியானால் பின்லாந்து டீம் ஜெயித்துவிட்டதா? இல்லை! டீம் கணக்குக்கு மூன்று பேர் வந்து சேரவேண்டும். மூன்றாவது ஆள் வராவிட்டால் முதல் இடமும் இரண்டாம் இடமும் டீமுக்கு உதவாது. அந்த மூன்றாவது ஆள் ஹெய்க்கி லீமட்டைனன். வெயிலில் புத்தி தடுமாறி, முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்னாலேயே ஓட்டம் முடிந்தது என்று எண்ணி நின்றுவிட்டார். ஜனங்கள் சத்தமிட்டார்கள். அவர் திரும்பி, தள்ளாடி நடந்து, கோட்டைத் தாண்டினார். வந்த இடம் பன்னிரண்டாவது. அந்தப் பன்னிரண்டாவது இடம் டீமுக்குத் தங்கம் கொண்டுவந்தது.

இந்தக் கதையை எனக்கு முந்தின நாள் சொன்னவர் பி.டி. மாஸ்டர்தான். ஏற்றத்தின் அடியில் நின்றபோது அது ஞாபகம் வந்தது. மேலே பார்த்தேன். ஏற்கனவே ஓடி முடித்த ரப்பர் அண்ணன் திரும்பி ஏற்றத்தின் உச்சிக்கே வந்து நிற்கிறார். பாதைக்கு வெளியே நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிடுகிறார்: "பாஸ்டரே, நடந்தாவது வாருங்க! நீங்க வரலைன்னா எங்க ரெண்டு பேரும் ஓடினது டீமுக்குக் கணக்கில்லை!"

நடந்தேன். உச்சியிலிருந்து ஓடினேன். 50 வயதுப் பிரிவில் கடைசி ஆளாக முடித்தேன். எங்கள் டீமுக்கு மெடல் இல்லை. ஆனால் பலகையில் எங்கள் மூன்று பேரின் பெயரும் ஒரு டீமாக எழுதப்பட்டது. வீட்டுக்குப் போனதும் அவள் என் கால் சேற்றைப் பார்த்தாள். "கடைசியா?" என்றாள். "கடைசிதான், ஆனா முடிச்சேன்" என்றேன். "நல்லது. மாத்திரை போட்டியளா? முதல்ல கஞ்சி குடியுங்க" என்றாள்.

தேவ பிள்ளையே, உன்னோடு பேசுகிறேன். இரண்டு வருஷமாய் நீ ஆராதனைக்கு வரவில்லை. கடன் வந்தது, அல்லது பிள்ளையின் காரியத்தில் ஜனங்கள் பேசினார்கள், அல்லது என்னைப் போல எதையோ மறைத்துக் களைத்துப்போனாய். "நான் வராவிட்டால் சபைக்கு என்ன குறை?" என்று எண்ணுகிறாய். குறை உண்டு! நாங்கள் முன்னே ஓடிவிட்டோம் என்று மேன்மை பாராட்ட முடியாது. எபிரெயர் 11-ன் கடைசி வசனத்தைப் படி. விசுவாச வீரர்கள் எல்லாரும்கூட நம்மையல்லாமல் பூரணராகிறதில்லை. ஆபிரகாமும் மோசேயும்கூட மூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள்!

முன்னே ஓடி முடித்த விசுவாசியே, உனக்கும் ஒரு வார்த்தை. உன் மெடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதே. ஏற்றத்தின் உச்சிக்குத் திரும்பி வா. பின்னே வருகிறவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. இந்த வாரத்திலே அப்படி ஒருவர் வீட்டுக்குப் போ. புத்தி சொல்லப் போகவேண்டாம். ஒரு சாயா குடிக்கப் போ.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் ஓட்டத்தை நீர் அறிவீர். நாங்கள் ஒளித்துச் சுமக்கிற பாரங்களை இன்று உம்முடைய பாதத்தில் இறக்கிவைக்கிறோம். அடுத்தவன் தரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை மன்னியும். வியாதியில் இருக்கிறவர்களைத் தொட்டுச் சுகமாக்கும். மருந்தையும் ஆகாரத்தையும் ஆசீர்வதியும். ஏற்றத்தின் அடியில் நின்றுபோன ஒவ்வொரு சகோதரனையும் சகோதரியையும் எழுப்பும். ஒருவரும் விடுபடாமல் நாங்கள் ஒரே சபையாக வந்து சேரக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகன்,
குழித்துறை